திருநர் பிள்ளைகளின் சிகிச்சை: தடைச் சட்டம் இல்லாத நாட்டில் பெற்றோரே வாசல்

தெல்தோட்டையில் வாழும் ஒரு தாயிடம், ஆண் என்று பதியப்பட்ட 14 வயதுப் பிள்ளை “நான் பெண்” என்று சொன்னால் அவர் எங்கே போவார்? கண்டிக்கு பஸ் ஏறி உளநல வைத்திய நிபுணர் ஒருவரைக் காணலாம். அதன் பிறகு என்ன என்பதைச் சொல்லும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை.

இங்கே இருப்பவை 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றறிக்கைகள். அவற்றின்படி 16 வயதைக் கடந்த ஒருவர், உளநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம். ஆனால் தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் முதல் அட்டை பழைய பெயரிலேயே வருகிறது.

வெளிநாடுகளில் விவாதம் வேறு விதமானது. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளையும் ஹோர்மோன்களையும் 18 வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடுக்கலாமா என்பதே அங்கே கேள்வி. அமெரிக்காவில் 2021இல் ஆர்கன்சாஸ் முதன்முதலில் தடை விதித்தது. பின்னர் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. டென்னசியின் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் பெற்றோரும் இருந்தனர். வைத்தியரோடு சேர்ந்து பிள்ளையின் சிகிச்சையை முடிவுசெய்வது தங்கள் உரிமை என்பது அவர்கள் வாதம். 2025 ஜூன் 18 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தடையை உறுதிசெய்தது. பெற்றோரின் உரிமை பற்றிய கேள்வியை அது விசாரணைக்கே எடுக்கவில்லை.

எல்லாப் பெற்றோரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. இங்கிலாந்தில் இந்த மருந்துகளுக்கு எதிரான வழக்கில், சிகிச்சைக்குக் காத்திருந்த 15 வயதுப் பிள்ளையின் தாயும் ஒரு மனுதாரர். பின்விளைவுகளை உணர்ந்து சம்மதிக்கும் முதிர்ச்சி அந்த வயதில் வராது என்ற அச்சம் அவருடையது. 2020இல் அத்தரப்பு வென்றது; 2021இல் மேன்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2024 மே மாதம் தற்காலிகமாக வந்த தடையை, டிசம்பரில் பிரித்தானிய அரசு காலவரையின்றி நீடித்தது.

தமிழ்நாட்டில் அருகிலுள்ள கேள்வி ஒன்று எழுந்தது. இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்று அறுவைச் சிகிச்சை பற்றியது அது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பெற்றோரின் சம்மதத்தைப் பிள்ளையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றார். அதே ஆண்டில், உயிராபத்தான நிலைமைகள் தவிர, தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்தது.

இரு தரப்புப் பெற்றோரின் அச்சமும் ஒன்றே: பிள்ளைக்குத் திருத்த முடியாத தீங்கு வந்துவிடுமோ என்பது. ஒருவர் சிகிச்சைக்கு அஞ்சுகிறார். மற்றவர் சிகிச்சை கிடைக்காமல் போவதற்கு அஞ்சுகிறார்.

தெல்தோட்டையில் அந்தத் தாயைத் தடுக்கச் சட்டம் இல்லை. பிள்ளைக்குத் துணை நிற்கவும் சட்டம் இல்லை. நிபுணரிடம் போவதா, வீட்டுக்குள் மூடிவைப்பதா என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்கிறார்கள். வைத்தியரைக் காண்பது உடனே மருந்து எடுப்பதாகாது; முதலில் நடப்பது பேச்சும் மதிப்பீடும்தான். அதற்கு 16 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.