டம்டம் தோட்டா: சோதித்தது எதை?

கல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதிதான் இந்தத் தோட்டாவுக்குப் பெயர் தந்தது. 1895 சித்ரால் போரில், முழு உலோக உறையிட்ட தோட்டா பாய்ந்தும் எதிரி விழவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைபட்டனர். டம்டம் ஆயுதச் சாலை உறையின் நுனியைத் திறந்து, ஈயம் சற்றே தெரியும்படி செய்தது. உடலில் பாய்ந்ததும் நுனி விரிந்து காயம் பெரிதாகும்.

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியர் புரூன்ஸ் நடத்திய சோதனைகள் ஐரோப்பாவில் எதிர்ப்பைக் கிளப்பின. ஆனால், அவர் சுட்டது டம்டம் தோட்டாவை அல்ல; ஈயம் மிக அதிகமாக வெளியே தெரியும் வேட்டைத் தோட்டாவை! 1899 ஹேக் மாநாட்டில் பிரிட்டனின் சர் ஜான் ஆர்டா இதைத்தான் சுட்டிக்காட்டினார். வாதம் சரியே, டம்டம் தோட்டா விரியாது என்று மட்டும் அது நிரூபிக்கவில்லை. விரியும் தோட்டாக்களைத் தடுக்கும் பிரகடனம் நிறைவேறியது. எதிர்த்த பிரிட்டன் 1907இல் அதை ஏற்றது.