உயர்நிலைப் பள்ளியில் பெறும் கல்லூரி மதிப்பலகு

உயர்நிலைப் பள்ளியில் பெறும் கல்லூரி மதிப்பலகு என்பது, பள்ளிப் படிப்பை இன்னும் நிறைவு செய்யாத மாணவர் ஒருவர் கல்லூரித் தரத்திலான பாடங்களைப் படித்தோ தேர்வுகளை எழுதியோ, பின்னர் தாம் பெறவிருக்கும் பட்டத்துக்குக் கணக்கிடத்தக்க மதிப்பலகுகளை முன்கூட்டியே ஈட்டிக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக வழக்கில் உள்ளது. அங்கு உயர்நிலைப் பள்ளி என்பது 9 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைக் கொண்டதாகும். இம்மதிப்பலகுகளைப் பெறுவதற்கு அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகள், இரட்டைச் சேர்க்கை, முன்கல்லூரிப் பள்ளிகள், கிளெப் தேர்வுகள், இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் பாடத்திட்டம் ஆகியன முதன்மையான வழிகளாக உள்ளன.

மதிப்பலகு

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு மாணவரின் படிப்பு, கிரெடிட் எனப்படும் மதிப்பலகுகளால் அளக்கப்படுகின்றது. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படிப்பும் சேர்ந்தது ஒரு மதிப்பலகு எனக் கொள்ளப்படும். பெரும்பாலான பாடங்கள் மூன்று மதிப்பலகுகள் கொண்டவை. இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 மதிப்பலகுகள் தேவைப்படுகின்றன. அதாவது, ஒரு பருவத்துக்கு 15 வீதம் எட்டுப் பருவங்கள். எனவே, பள்ளியிலேயே 15 மதிப்பலகுகளைப் பெற்று, அவை முழுமையாக ஏற்கப்படும் மாணவர் கல்லூரியில் ஒரு பருவத்தைக் குறைத்துக்கொள்ள இயலும். 30 மதிப்பலகுகள் ஓராண்டுக்குச் சமமாகும்.

இவ்வளவு முறையின் வேர், கல்வி மேம்பாட்டுக்கான கார்னகி அறக்கட்டளை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக்கிய கார்னகி அலகில் உள்ளது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் பயில்வது ஓர் அலகு எனப்பட்டது. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கி வந்த அவ்வறக்கட்டளை, சேர்க்கைக்கு இத்தகைய அலகுகளைக் கோரும் கல்லூரிகளுக்கே அவ்வுதவியை அளித்தது. அதனால் இம்முறை விரைவில் நாடெங்கும் பரவியது.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், திறமையான பள்ளி மாணவர்கள் பள்ளியின் இறுதி ஆண்டிலும் கல்லூரியின் முதலாம் ஆண்டிலும் ஒரே பாடங்களைத் திரும்பப் படிக்க நேர்வதைக் கல்வியாளர்கள் குறையாகக் கண்டனர். 1950களின் தொடக்கத்தில் போர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் இரண்டு ஆய்வுகள் நடைபெற்றன. ஒன்றில் ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய பல்கலைக்கழகங்களும் பங்கேற்றன. மற்றொன்று, கென்யன் கல்லூரியின் தலைவராக இருந்த கார்டன் சால்மர்ஸ் முன்னெடுத்த கென்யன் திட்டமாகும். இவற்றின் விளைவாகச் சில பாடங்களில் சோதனை முறையில் தேர்வுகள் தொடங்கின. 1955 இல் இத்திட்டத்தைக் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1956 இல் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளை எழுதினர்.

அதே 1955 ஆம் ஆண்டில், கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் பாடங்களை உயர்நிலைப் பள்ளிகளிலேயே நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் அட்வான்ஸ் திட்டம் 1970களின் தொடக்கத்தில் உருவானது. 1985 இல் மினசோட்டா மாநிலம், 11, 12 ஆம் வகுப்பு மாணவர்கள் அரசின் செலவில் கல்லூரிப் பாடங்களைப் படிக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. மாநிலம் முழுமைக்குமான இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது ஆகும். 1990 இல் வாசிங்டன் மாநிலம் ரன்னிங் ஸ்டார்ட் என்னும் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. ஒகையோ மாநிலத்தின் காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது.

வழிகள்

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்

பள்ளி ஆசிரியர்கள், காலேஜ் போர்டு வகுத்த பாடத்திட்டத்தின்படி கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பாடம் நடத்துகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நாடு தழுவிய தேர்வு நடைபெறுகின்றது. நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு, பொருளியல், உளவியல், கணினியியல், மொழிகள் எனப் பல துறைகளில் தேர்வுகள் உள்ளன. மதிப்பெண் 1 முதல் 5 வரை வழங்கப்படும். 3 பெற்றவர் தகுதியுடையவராகக் கருதப்படுவார். எனினும் 4 அல்லது 5 பெற்றால் மட்டுமே மதிப்பலகு அளிக்கும் கல்லூரிகளும் உண்டு. இதில் ஆண்டு முழுவதும் படித்த வகுப்பு மதிப்பெண் கல்லூரி மதிப்பலகைத் தீர்மானிப்பதில்லை. ஒரு நாள் தேர்வே தீர்மானிக்கின்றது.

இரட்டைச் சேர்க்கை

மாணவர் ஒரே வேளையில் பள்ளியிலும் கல்லூரியிலும் பதிவு பெற்றிருப்பதே இரட்டைச் சேர்க்கை எனப்படும். வகுப்பு மூன்று வகைகளில் நடைபெறலாம்: மாணவர் அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று படிப்பது, கல்லூரியின் ஒப்புதல் பெற்ற பள்ளி ஆசிரியர் பள்ளியிலேயே கற்பிப்பது, இணையவழியில் படிப்பது. பாடத்தில் தேர்ச்சி பெற்றால், அதன் மதிப்பலகு கல்லூரியின் பதிவேட்டில் சேர்கின்றது. தனியான இறுதித் தேர்வு எதுவும் தேவையில்லை. இரட்டைச் சேர்க்கை மாணவர்களில் பெரும்பான்மையோர் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் வழியாகவே படிக்கின்றனர். 2022–23 கல்வியாண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பள்ளி மாணவர்கள் இவ்வகையில் குறைந்தது ஒரு கல்லூரிப் பாடத்தையேனும் படித்தனர்.

முன்கல்லூரிப் பள்ளிகள்

பள்ளியையும் கல்லூரியின் தொடக்க ஆண்டுகளையும் ஒன்றாக இணைத்த நிறுவனங்கள் இவை. எலிசபெத் பிளாட்ஜெட் ஹால் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நிறுவிய சைமன்ஸ் ராக் கல்லூரி 1966 இல் வகுப்புகளைத் தொடங்கி, 1979 இல் பார்டு கல்லூரியுடன் இணைந்தது. நியூயார்க் நகரில் லகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்தில் 1974 இல் மிடில் காலேஜ் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 2001 இல் அந்நகரில் பார்டு உயர்நிலைப் பள்ளி முன்கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கு மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் பள்ளிச் சான்றிதழுடன், அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் பெற முடியும். 2011 இல் புரூக்ளினில் ஐபிஎம் நிறுவனத்தின் பங்களிப்புடன் தொடங்கிய பிடெக் பள்ளி, இதே கருத்தைத் தொழில்நுட்பக் கல்விக்கு விரிவாக்கியது.

பிற வழிகள்

கிளெப் தேர்வுகளைக் காலேஜ் போர்டு 1960களில் இருந்து நடத்தி வருகின்றது. எங்கு, எவ்வாறு படித்தார் என்பது கேட்கப்படுவதில்லை. தேர்வு மதிப்பெண் மட்டுமே கருதப்படும். மதிப்பெண் அளவு 20 முதல் 80 வரை. பொதுவாக 50 பெற்றால் மதிப்பலகு அளிக்கப் பரிந்துரைக்கப்படுகின்றது. 1968 இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் அமைப்பின் பாடத்திட்டத்தில், உயர்நிலைப் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றோருக்கும் பல கல்லூரிகள் மதிப்பலகு வழங்குகின்றன.

கார்பீல்டு பள்ளி நிகழ்வு

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தொடக்கத்தில் வசதி படைத்த பள்ளிகளுக்கே உரியதாகக் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியதில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்பீல்டு உயர்நிலைப் பள்ளிக்குப் பங்குண்டு. அங்குப் பெரும்பாலும் உழைக்கும் வர்க்க மெக்சிக அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்தனர். பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே (1930–2010) என்னும் ஆசிரியர் அவர்களுக்கு நுண்கணிதம் கற்பித்தார். 1982 இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றனர். விடைகளில் ஒத்த தவறுகள் காணப்பட்டதால், தேர்வை நடத்திய நிறுவனம் 14 மாணவர்களின் மதிப்பெண்களில் ஐயம் எழுப்பியது. அவர்களுள் 12 பேர் மீண்டும் தேர்வெழுதினர். பன்னிருவரும் தேர்ச்சி பெற்றனர். இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு ஸ்டாண்ட் அண்ட் டெலிவர் என்னும் திரைப்படம் 1988 இல் வெளியானது.

மதிப்பலகுகளை ஏற்றல்

ஈட்டிய மதிப்பலகு எங்கும் செல்லும் என்பதற்கு உறுதி இல்லை. அதை ஏற்பதும் மறுப்பதும் மாணவர் பின்னர் சேரும் கல்லூரியின் விருப்பத்தைச் சார்ந்தது. இதில் மூன்று நிலைகள் காணப்படுகின்றன.

முதலாவது, பாடத்துக்குப் பாடம் ஏற்றல்: நுண்கணிதத் தேர்வில் உயர் மதிப்பெண் பெற்றவர், கல்லூரியின் முதல் நுண்கணிதப் பாடத்தைப் படித்தவராகவே கருதப்படுவார். இரண்டாவது, விருப்பப் பாடமாக மட்டும் ஏற்றல்: மதிப்பலகு 120 இல் சேரும், ஆனால் முதன்மைத் துறைக்குத் தேவையான எந்தப் பாடத்தையும் ஈடுசெய்யாது. மூன்றாவது, மேல்நிலை வகுப்பில் அமர்த்தல்: மதிப்பலகு கிடைக்காது, தொடக்கப் பாடத்தைத் தவிர்த்து அடுத்த பாடத்தில் சேரும் உரிமை மட்டும் கிடைக்கும்.

இல்லினாய், டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள், அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு அரசுக் கல்லூரிகள் மதிப்பலகு வழங்குவதைச் சட்டத்தால் நெறிப்படுத்தியுள்ளன. மறுபுறம், டார்ட்மத் கல்லூரி இத்தேர்வுகளுக்குப் பட்டத்துக்கான மதிப்பலகு வழங்குவதை நிறுத்தப்போவதாக 2013 இல் அறிவித்தது. மருத்துவக் கல்லூரிகளுள் சில, நுழைவுக்குரிய அறிவியல் பாடங்களுக்கு ஈடாக இத்தகைய மதிப்பலகுகளை ஏற்பதில்லை. எனவே, சேர விரும்பும் கல்லூரியின் விதிகளைப் பாடத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னரே அறிந்துகொள்வது மாணவர்க்குத் தேவையாகின்றது.

பயன்கள்

* கல்லூரிக் கட்டணச் செலவும் அதற்காகப் பெறும் கடனும் குறையலாம்.
* பட்டத்தை விரைவாக முடிக்கவோ, இரண்டாவது முதன்மைத் துறையைச் சேர்த்துக்கொள்ளவோ காலம் கிடைக்கின்றது.
* குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவருக்கு, கல்லூரி வாழ்க்கையின் நடைமுறைகள் முன்னரே பழக்கமாகின்றன.
* கல்லூரிச் சேர்க்கையின்போது, கடினமான பாடங்களைப் படித்தவர் என்ற மதிப்புக் கிடைக்கின்றது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர் கட்டணம் பெறப்படுகின்றது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. இரட்டைச் சேர்க்கையின் செலவை யார் ஏற்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது. புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர்கள் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. டெக்சாஸ் மாநிலம் வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்துக்கு 2023 இல் சட்டம் இயற்றியது. வேறு சில இடங்களில் கட்டணம் குடும்பத்தின் மீதே விழுகின்றது. நடுவண் அரசின் பெல் உதவித்தொகை பொதுவாகப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. இதைச் சோதனை அடிப்படையில் அவர்களுக்கும் நீட்டிக்கும் முயற்சி 2016 இல் சில கல்லூரிகளில் தொடங்கியது.

இரட்டைச் சேர்க்கையில் பெறும் தரநிலை, மாணவரின் நிலையான கல்லூரிப் பதிவேட்டில் இடம்பெறுகின்றது. 16 வயதில் தோல்வியுற்ற பாடம் ஒன்று, பின்னாளில் அரசு நிதியுதவிக்கான கல்வி முன்னேற்ற மதிப்பீட்டிலும் கணக்கிடப்படலாம். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வில் இத்தகைய இடர் குறைவு; குறைந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிட மாணவரால் இயலும்.

ஊரகப் பள்ளிகளில் கல்லூரிப் பாடம் நடத்தத் தகுதிபெற்ற ஆசிரியர்கள் குறைவாக உள்ளனர். பல கல்லூரிகள் இவர்களிடம் முதுகலைப் பட்டத்துடன் அத்துறையில் குறிப்பிட்ட அளவு மேற்படிப்பையும் எதிர்பார்க்கின்றன. கல்லூரிக்குச் சென்றுவரப் போக்குவரத்து வசதி இல்லாத மாணவர்களும் விலக்கப்படுகின்றனர். இதனால், கட்டணக் குறைப்பால் அதிகம் பயனடையக்கூடிய மாணவர்களுக்கே வாய்ப்புக் குறைவாகக் கிடைக்கின்றது என்பது இம்முறையின் மீது வைக்கப்படும் முதன்மையான விமர்சனமாகும். தேர்வுக்காக மட்டும் கற்பிக்கும் போக்கை அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வளர்க்கின்றது என்ற கருத்தும் உண்டு. 2018 இல் வாசிங்டன் டி.சி. பகுதியைச் சேர்ந்த எட்டுத் தனியார் பள்ளிகள் இப்பாடங்களைக் கைவிடப்போவதாக அறிவித்தன.

தமிழ் மொழியும் மதிப்பலகும்

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளில் சீனம், இடாய்ச்சு, இத்தாலியம், இலத்தீன், எசுப்பானியம், சப்பானியம், பிரான்சியம் ஆகிய மொழிகள் உள்ளன, தமிழ் இல்லை. ஆயினும், ஆங்கிலத்துடன் மற்றொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற பள்ளி மாணவர்களுக்கு மாநிலங்கள் இருமொழி முத்திரை என்னும் தகுதியை வழங்குகின்றன. 2011 இல் கலிபோர்னியா இதற்கு முதலில் சட்டம் இயற்றியது. மினசோட்டாவில் 2014 இல் இயற்றப்பட்ட சட்டம், இம்முத்திரை பெற்றவர்கள் மாநிலக் கல்லூரிகளில் மொழிப்பாட மதிப்பலகு பெறவும் வழிசெய்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி அறிவைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்க இத்தகைய ஏற்பாடுகள் ஒரு வாய்ப்பாகும்.

இவற்றையும் பார்க்க

* ஐக்கிய அமெரிக்காவில் கல்வி
* சமுதாயக் கல்லூரி
* கார்னகி அலகு
* இருமொழி முத்திரை