ரேடியோ நெல்லும் நெல் ஜெயராமனும்

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு நெல்லை ‘ரேடியோ நெல்’ என்று கூப்பிட்டார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளின் நடுவில் கொடுத்த ஆடுதுறை 27 அது. திருச்சி வானொலியில் கேட்டு விதைத்ததால் வானொலியின் பேரே அதற்கு வாய்த்தது. அதே மாவட்டத்தின் கடைமடையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, ஒரு மனிதரின் பேருக்கு முன்னால் ‘நெல்’ வந்து சேர்ந்துகொண்டது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய ஜெயராமன், ஊருக்கெல்லாம் நெல் ஜெயராமன் ஆனார். அங்கே சேதி கொண்டுவந்ததன் பேர் நெல்லுக்குப் போனது. இங்கே நெல்லின் பேர் சேதி கொண்டுவந்தவருக்கு வந்தது. ஒரே ஆற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில் உழவுச் செய்தி பரவிய இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பேர்களிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

ரேடியோ நெல் வந்த காலத்தை மறந்துவிட்டு அதைப் பேசுவது நியாயமாகாது. அரிசிப் பஞ்சம் வீட்டு வாசல்வரை வந்து நின்ற ஆண்டுகள் அவை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே மேடைப் பேச்சாக இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1960 வாக்கில், நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு வேரூன்றியிருந்த இடத்தில்தான் ஆடுதுறை 27 வந்து விழுந்தது. அதன் வயது ஏறக்குறைய 105 நாள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வந்து, குறுவை நட்டால் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அறுத்துவிடலாம். அறுத்த வயலிலேயே தாளடி நடலாம். காவிரி உழவருக்கு இந்த நாள்கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஐப்பசி மழையில் குறுவைத் தாள் மடங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1966இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை ஒலிபரப்புக்கென்றே தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. வேளாண்மை தெரிந்தவர்களே வானொலிக்குள் வந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், நட்டவரையே பேசவைத்தார்கள். தன்னைப் போல ஒரு மிராசுதார், தன்னைப் போல ஒரு குத்தகைக்காரர், தன் ஊர்ப் பேச்சில் “எத்தனை நாளில் கதிர் வந்தது, எத்தனை மூட்டை கண்டது” என்று சொல்வதைக் கேட்கிறவருக்கு அது அரசாங்க அறிவிப்பாகப் படாது. பக்கத்து வரப்பில் நின்று பேசுவது போலத்தான் இருக்கும். பஞ்சாயத்து வானொலி அலறுகிற திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் மறுநாள் விதை டிப்போவுக்குப் போனார்கள். அங்கே விதை இருந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் இவ்வளவு குறைந்த தூரம் இருந்த இன்னொரு காலத்தை நம் வேளாண்மையில் காட்டுவது கடினம்.

அந்த நெல்லின் பிறப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஒரு சங்கதி கிடைக்கும். நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லும் (கோதுமையில் புகழ்பெற்ற நோரின் 10 வேறு) நம்முடைய ஜி.இ.பி. 24உம் சேர்ந்து பிறந்தது ஆடுதுறை 27. ஜி.இ.பி. 24 கிச்சிலிச் சம்பாவின் வழியில் பொறுக்கி எடுத்த நெல். ஆக, ரேடியோ நெல்லின் ஒரு பாதி ரத்தம் உள்ளூர்ச் சம்பாவினுடையது. பிற்காலத்தில் பாரம்பரிய நெல்லையும் ஆராய்ச்சி நிலைய நெல்லையும் எதிரும் புதிருமாக நிறுத்திப் பேசுகிறவர்கள் இந்த உறவை விட்டுவிடுகிறார்கள். ஆய்வாளருக்குக் கச்சாப் பொருள் கொடுத்தது ஏதோ ஓர் உழவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய விதைதான்.

ரேடியோ செய்தியில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. அது மேலிருந்து கீழே மட்டும் வந்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். என் மனக்குறை வேறு. அந்தச் செய்தி வந்த பிறகு வீட்டில் விதை வைத்திருக்க அவசியம் இல்லாமல் போனது. ஆடுதுறை 27க்குப் பின்னாலேயே ஐ.ஆர். 8 வந்தது, பிறகு ஐ.ஆர். 20, பிறகு ஆடுதுறை 36 என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைத் தள்ளியது. வருஷா வருஷம் டிப்போ விதை என்று ஆனபிறகு கோட்டை கட்டுவது நின்றது. விதைக்கோட்டை என்பதை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். வைக்கோலைப் புரியாகத் திரித்து, வட்டமாகப் பரப்பி, காயவைத்த விதையை நடுவில் கொட்டி, நாலு பக்கமும் தூக்கிச் சுருட்டி, புரியால் இறுக்கி இறுக்கிப் பந்து போல ஆக்குவார்கள். மேலே சாணி மெழுகுவார்கள். புழு புகாது, ஈரம் புகாது. பெரியவர்கள் காலால் மிதித்து, கையால் இழுத்துக் கட்டும்போது புரி ‘கறக் கறக்’ என்று முனகும். ஒரு கோட்டைக்குள் ஒரு வீட்டின் அடுத்த வருஷம் இருந்தது. எந்த விதை எந்த வயலுக்கு என்ற அறிவு அந்தக் கட்டும் கைகளில் இருந்தது. அதையெல்லாம் கைவிடச் சொல்லி வானொலி ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் விட்டுப்போனது.

ஆதிரெங்கத்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு ஊர் ஊராகப் போன காலத்தில், எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு மூலை வயலில், யாரோ விடாமல் வைத்திருந்த பழைய நெல் ஜெயராமன் கைக்கு வந்தது. ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கத்தில் அவர் முன்நின்றார். 2006இல் ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழா. ஏற்பாடு எளிமையானது. திருவிழாவுக்கு வருகிறவருக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த 4 கிலோ இரண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவர் இறந்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இரகங்கள் இப்படி மீண்டிருந்தன. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பாரம்பரிய நெல்லைக் காக்கும் இயக்கத்துக்கு அவர் பேரையே வைத்தது.

இந்த 2 கிலோ கணக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை என்னால். வானொலியில் கேட்டவருக்குக் கடமை எதுவும் இல்லை. பிடித்தால் விதைப்பார், பிடிக்காவிட்டால் இல்லை. ஆதிரெங்கத்தில் விதையை வாங்கிய கையோடு ஒரு கடனும் வீட்டுக்குப் போகிறது. நோட்டில் பேர் ஏறுகிறது, ஊர் ஏறுகிறது, இரகம் ஏறுகிறது. வாங்கியவர் விதைத்தே ஆக வேண்டும். விதைத்தால் கவனித்தே ஆக வேண்டும். கவனித்தவர் அடுத்த வருஷம் 4 கிலோவோடு வரும்போது சொல்வதற்கு அவரிடம் ஒரு சேதி இருக்கும். ‘எங்க பக்கம் களிமண், அதுல சாஞ்சிருச்சு’ என்பார். ‘தண்ணி இல்லாம ஒரு மாசம் கெடந்தும் பொழச்சுது’ என்பார். செய்தி கேட்டவரே அடுத்த வருஷம் செய்தி சொல்கிறவராகிறார். ஒற்றை நாற்று நடவில் 2 கிலோவை வைத்து ஏக்கர் கணக்கில் நட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நாலைந்து குழியில் மட்டும் தெளித்து விதைக்கு எடுப்பவர்களும் உண்டு.

பேர்களிலிருந்து தொடங்கலாம் என்று சொன்னேன். ஆடுதுறை 27 என்பதில் எந்த நிலையம், எத்தனையாவது வெளியீடு என்று தெரியும். வேறொன்றும் தெரியாது. அதனால்தான் மக்கள் அதற்குத் தாங்களே ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள். பழைய நெல்லின் பேர்கள் அப்படியல்ல. அவையே ஒரு செய்தித்தாள். களர்பாலை என்றால் களர் நிலத்துக்கு என்று பேரே சொல்லிவிடுகிறது. குழியடிச்சான், கடலோர மானாவாரிக்கும் உப்பேறிய மண்ணுக்கும் போட்ட நெல். காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், வெள்ளத்தில் நிற்கும். வயலுக்குள் நுழைந்தவர் வெளியே தெரிய மாட்டார். பூங்காரைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பது நம் வழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்துக்கு எதை விதைப்பது என்ற கேள்வி வந்தபோது, இந்தப் பேர்கள் மறுபடி பேச்சில் வந்தன.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரேடியோ நெல் சில பருவங்களில் மாவட்டம் முழுக்கப் பரவியது. திருவிழா நெல் அப்படிப் பரவவில்லை. வெறும் ஆர்வக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரேடியோவுக்குப் பின்னால் விதைப்பண்ணை இருந்தது, கூட்டுறவுச் சங்கம் இருந்தது, கடன் இருந்தது, விளைந்ததை வாங்க ஆள் இருந்தது. ஆதிரெங்கத்தில் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவை அறுத்துக்கொண்டு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், அங்கே சன்னம், சாதாரணம் என்று இரண்டே விலைதான். மாப்பிள்ளைச் சம்பா சாதாரணத்தில் போய்விடும். ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்து விளைவித்த சிவப்பு நெல்லுக்கு நாலு மாத நெல்லின் விலை. ஆலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து மூட்டைக்காக யாரும் தனியாக அரைத்துத் தருவதில்லை. முன்பு அரைத்த வெள்ளை நெல்லோடு கலந்துவிடும். விதைக்கு வழி செய்த அளவுக்கு அரிசிக்கு வழி செய்யவில்லை. திருவிழாவின் பெரிய குறை இது என்று நினைக்கிறேன். நகரத்து இயற்கை அங்காடியில் கருப்புக் கவுனி விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, ‘உழவருக்கு நல்ல காலம்’ என்று சொல்கிறவர்கள் கடைமடைக்கு ஒருமுறை வந்து கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவாக இன்னொன்று இருக்கிறது. சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டுமே நிலம் உள்ளவரைப் பார்த்துப் பேசுகின்றன. பண்ணை ஒலிபரப்பு உர அளவு சொன்ன அதே ஆண்டுகளில்தான் கீழத்தஞ்சையில் நடவுக் கூலியும் அறுப்புக் கூலியும் போராட்டமாக இருந்தன. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இரண்டு போகம் விளைந்த மண்ணில், அந்த விளைச்சலில் பங்கு கேட்டவர்களுக்கு நடந்தது அது. எத்தனை மூட்டை கண்டது என்ற கேள்விக்கு வானொலியில் இடம் இருந்தது. அறுத்தவருக்கு எத்தனை படி என்ற கேள்வி வயலிலேயே நின்றுவிட்டது. திருவிழாவுக்கும் இது பொருந்தும். 2 கிலோவை 4 கிலோ ஆக்க வேண்டுமானால் ஒரு துண்டு நிலமாவது வேண்டும். உயரமாக வளர்ந்து சாயும் நெல்லுக்கு இயந்திர அறுப்பு சரிப்படாது, கையறுப்புதான். களை எடுக்கவும் கை வேண்டும். குனிந்து களை எடுக்கும் பெண்களுக்குத்தான் எந்த நெல்லின் வேர் எப்படிப் பிடித்திருக்கிறது, எந்தக் கட்டு கனக்கிறது என்பது முதலில் தெரியும். அவர்கள் சொல்லும் சேதியை எழுதிக்கொள்ள அந்த நோட்டில் ஒரு பத்தி இருந்தால் திருவிழா இன்னும் பெரிதாகும் என்று ஆசைப்படுகிறேன்.

செய்தி சரியா என்று சோதிப்பதிலும் இரண்டும் வேறு. வானொலி சொன்ன நெல்லை ஆடுதுறையில் பாத்தி பாத்தியாகப் போட்டு, எடை பார்த்து, பல ஊர்களில் நட்டுப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். சோதனை முடிந்து வந்த சேதி அது. திருவிழாவில் சோதனை பிறகுதான், விதை திரும்பி வரும்போது.

ஒரு மே மாத வெயிலில், பந்தலுக்கு வெளியே அப்படி ஒரு சோதனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையில் 4 கிலோ கொண்டுவந்திருந்தார். வாங்கியவர் வயதில் சின்னவர். தராசில் வைக்கவில்லை. முதலில் ஒரு கைப்பிடி எடுத்து முறத்தில் போட்டுப் பரப்பினார். பழுப்பேறிய மணிகளுக்கு நடுவில் விரலால் கிளறிக்கொண்டே வந்தவர் ஒன்றைப் பொறுக்கித் தனியே வைத்தார். நுனியில் மெல்லிய மீசை இருந்தது அதற்கு. இன்னொன்று. பிறகு மூன்றாவது.

“ஐயா, பக்கத்து வயல்ல என்ன போட்டிருந்தாங்க?”

பெரியவர் குனிந்து அந்த மூன்று மணிகளையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “வெதைக்கு எடுத்தது வரப்பு ஓரத்துக் கதிரு தம்பி. நடு வயல்ல எடுத்திருக்கணும்” என்றார்.

பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்து, இருவரும் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 4 கிலோவையும் கைப்பிடி கைப்பிடியாகப் பொறுக்கத் தொடங்கினார்கள்.