அறைக்காற்றின் சாட்சிகள்

வீட்டுக் காற்றை அளப்பதற்கென்று இன்று விற்கப்படும் கையடக்கக் கருவி பெரும்பாலும் இரண்டு எண்களைக் காட்டுகிறது. ஒன்று, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு எத்தனை பங்கு என்னும் 'பிபிஎம்' கணக்கு. மற்றது, ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான குறுக்களவுள்ள நுண்துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்னும் 'பிஎம் 2.5' கணக்கு. முதல் எண் 1000-ஐத் தாண்டினால் சன்னலைத் திறந்துவிட வேண்டும் என்பது இப்போது பலரும் அறிந்த விதியாகிவிட்டது. ஆனால் அந்த அளவிலுள்ள கரியமில வாயு தன்னளவில் உடலுக்கு நஞ்சு ஆகாது என்பது, ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் அந்த எல்லையை வகுத்தவருக்கே நன்கு தெரிந்திருந்தது. அவர் அந்த வாயுவைக் கூண்டில் ஏற்றியது குற்றவாளியாக அல்ல, சாட்சியாக. கண்ணுக்குத் தெரியாத கேட்டுக்கு நம்பத்தகுந்த சாட்சி ஒன்றைத் தேடிய வரலாறுதான் அறைக்காற்றை அளந்த வரலாறு.

காற்றின் நலத்தை எண்ணாக்கும் முயற்சி 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. நைட்ரிக் ஆக்சைடு வாயுவை நீரின்மேல் அடைபட்ட காற்றோடு கலந்தால் செந்நிறப் புகை எழுந்து நீரில் கரைவதையும், அதனால் காற்றின் கன அளவு சுருங்குவதையும் 1772-இல் கண்ட ஜோசப் பிரீஸ்ட்லி, எவ்வளவுக்கெவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்ல காற்று என்று கொண்டார். இந்தச் சோதனைக்கான கண்ணாடிக் குழாய்க் கருவிக்கு இத்தாலியரான மார்சிலியோ லாண்ட்ரியானி 1775-இல் 'யூடியோமீட்டர்' என்று பெயரிட்டார். நற்காற்றுமானி என்று அதைத் தமிழில் சொல்லலாம். டச்சு மருத்துவரான யான் இங்கென்ஹவுஸ் அதைப் பயணங்களில் உடன் கொண்டுசென்று கடற்காற்றையும் நிலக்காற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆகவே, கையோடு எடுத்துச் செல்லும் காற்றுமானி என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. ஆனால் அதன் வாக்குமூலம் நிற்கவில்லை. லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் 1781-இல் ஏறத்தாழ 60 நாட்களின் காற்றை மிகுந்த பொறுமையோடு அளந்து, இன்று ஆக்சிஜன் எனப்படும் பகுதியின் பங்கு நாளுக்கு நாளோ இடத்துக்கு இடமோ மாறவில்லை என்று 1783-இல் வெளியிட்டார். நல்ல காற்றுக்கும் கெட்ட காற்றுக்கும் ஒரே விடையைத் தரும் கருவியால் வீட்டாருக்குப் பயனில்லை.

அடுத்த சாட்சியைக் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரின் மாக்ஸ் பெட்டென்கோபர். வேதியியலும் மருத்துவமும் கற்ற அவர், குடியிருப்புகளில் காற்று எவ்வாறு மாறுகிறது என்பது பற்றிய ஆய்வை 1858-இல் வெளியிட்டார். ஆட்கள் நிறைந்த அறையில் மூச்சு முட்டுவதற்குக் காரணம் உடலிலிருந்தும் மூச்சிலிருந்தும் வெளிப்படும் கரிம ஆவிகளே என்று அவர் நம்பினார். அவற்றை அளக்கும் வழி எதுவும் அன்று இல்லை. ஆனால் அந்த ஆவிகளோடு சேர்ந்தே வெளிவரும் கரியமில வாயுவை அளக்க முடியும். வெளியேற்றப்படும் மூச்சில் அது நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்க, திறந்தவெளிக் காற்றிலோ அன்று பத்தாயிரத்துக்கு மூன்று நான்கு பங்குதான் இருந்தது. எனவே அறைக்குள் அது எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து, அந்தக் காற்று எவ்வளவு தூரம் பிறர் மூச்சாகவே மாறியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

அவர் கையாண்ட முறையைக் கிட்ட நின்று பார்ப்பது தகும். சில லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவைக்குள் துருத்தியால் அறைக்காற்றை நிரப்பி, அதில் அளந்து எடுத்த பேரைட்டா நீரை, அதாவது பேரியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தின் கரைசலை ஊற்றி, வாயை மூடி, நீர் சுவரெங்கும் படியுமாறு குடுவையைச் சுழற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் குழாய் வழியே ஊதிய மூச்சால் தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுக்கக் கண்டவர்களுக்கு அடுத்து நடப்பது புதிதன்று: கரியமில வாயு காரத்தோடு சேர்ந்து வெண்ணிறமாகப் படியும். மீந்திருக்கும் காரம் எவ்வளவு என்பதை அறிய ஆக்சாலிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு துளியை மஞ்சள் தோய்த்த தாளில் வைத்துப் பார்ப்பார்கள். காரம் எஞ்சியிருக்கும்வரை தாளில் செம்பழுப்பு வளையம் தோன்றும். அது தோன்றாமற்போகும் கணத்தில் கணக்கு முடியும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆலத்தி கரைக்கும்போது அது சிவப்பதும் இதே வேதிவினையால்தான் என்பதை நினைத்தால், அந்த ஆய்வகம் தமிழ் வாசகருக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

இவ்வாறு பல அறைகளை அளந்து, நுழைபவரின் மூக்கு சொல்லும் தீர்ப்போடு அந்த அளவுகளை ஒப்பிட்டு, ஆட்களின் மூச்சு மட்டுமே காற்றைக் கெடுக்கும் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பெட்டென்கோபர் எல்லை வகுத்தார். இன்றைய 1000 பிபிஎம் என்பது அந்த ஆயிரத்தில் ஒரு பங்கேயாகும்.

அவர் தம் படிப்பறையையே சோதனைக்கூடமாக்கிய செய்தி இன்னும் சுவையானது. 75 கன மீட்டர் கொண்ட அந்த அறையில் கரியமில வாயுவை வேண்டுமென்றே நிரப்பி, அது குறையும் வேகத்தைக் கொண்டு காற்று மாறும் வேகத்தைக் கணித்தார். உள்ளுக்கும் வெளிக்கும் ஏறத்தாழ 20 டிகிரி வெப்ப வேறுபாடு இருந்த குளிர்நாளில், கதவும் சன்னலும் மூடியிருந்தும், மணிக்கு 75 கன மீட்டர் காற்று மாறியது. இடுக்குகளையெல்லாம் தாள் ஒட்டி அடைத்த பிறகும் 54 கன மீட்டர் மாறியது. வேறுபாடு 4 டிகிரியாகச் சுருங்கிய நாளில் 22 கன மீட்டராகக் குறைந்தது. அடைத்த பிறகும் காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, செங்கற் சுவரே மூச்சுவிடுகிறது என்பது அவர் கண்ட விடை. செங்கலின் ஒரு பக்கம் ஊதி மறுபக்கத்து மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டி அவையோரை வியக்கவும் வைத்தார். சாதாரண அறையில் சுவரின் வழியே புகும் காற்று மிகச் சொற்பம் என்று 20-ஆம் நூற்றாண்டு அளவீடுகள் நிறுவின. அவர் கண்ணில் படாத இடுக்குகளே காரணமாயிருக்க வேண்டும். விளக்கம் தவறியது, ஆனால் வாயுவை நிரப்பி அது குறைவதைப் பார்த்துக் காற்றோட்டத்தை அளக்கும் முறை இன்றும் பொறியாளர் கையில் இருக்கிறது.

இதே விதி அவருடைய எல்லைக்கும் நேர்ந்தது. மூச்சில் கரிம நஞ்சு இருக்கிறது என்ற கொள்கைக்கு 1880-களின் இறுதியில் பாரிசில் பிரௌன்-செக்கார் முதலியோர் ஆதாரம் தேடினர். மற்றவர்களால் அதை உறுதிசெய்ய இயலவில்லை. 1905-இல் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் ஃப்ளூகேயின் குழுவினர், மூடிய அறையில் இருப்பவருக்குக் குழாய் வழியே வெளிக்காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தாலும் புழுக்கம் தீரவில்லை என்றும், வெப்பமும் ஈரமுமே அதற்குக் காரணம் என்றும் காட்டினர். கொள்கை சரிந்தும் எண் சரியவில்லை; கட்டடங்களின் சுகாதாரத்துக்காக 1970-இல் ஜப்பான் இயற்றிய சட்டத்திலும் 1000 பிபிஎம் இடம்பெற்றது. 2020-இன் பெருந்தொற்றில் நோய்க்கிருமி மூச்சோடு பரவுகிறது என்பது தெளிவானபோது, பிறர் மூச்சை எவ்வளவு உள்ளிழுக்கிறோம் என்ற பெட்டென்கோபரின் கேள்வி புதிய பொருள் பெற்றது. பிரிட்டனில் மட்டும் 2021-இல் ஏறத்தாழ 3 லட்சம் கரியமில வாயுமானிகளைப் பள்ளிகளுக்கு வழங்க அரசு முடிவெடுத்தது.

இடையில், உயிருள்ள சாட்சி ஒன்றும் இருந்தது. 1896-இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் 57 பேர் இறந்ததை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பைத் தொடர்ந்து பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்து, மனிதரைவிட வேகமாக மூச்சுவிடும் சிற்றுயிர்களை உடன் கொண்டுசெல்லச் சொன்னார். கேனரிக் குருவிகள் 1986 வரை பிரிட்டிஷ் சுரங்கங்களில் அப்பணியைச் செய்தன. மயங்கிய குருவியைத் தெளிவிக்கச் சிறு ஆக்சிஜன் உருளை பொருத்திய கூண்டுகளும் இருந்தன.

இன்றைய கருவியின் இரண்டு எண்களும் ஒரே மனிதரின் உழைப்பில் வேர்கொண்டவை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால், கரியமில வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை 1859 முதல் அளந்து காட்டினார்; அந்த ஆய்வகத்திலேயே மூச்சுக்காற்றிலுள்ள அவ்வாயுவையும் கதிரால் மதிப்பிட்டனர். இப்போதைய கருவிக்குள் சிறு விளக்கொன்று 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை அனுப்ப, எதிர்முனையில் அது எவ்வளவு குறைகிறதோ அதுவே பிபிஎம் கணக்காகிறது. அதே டிண்டால் 1870-இல், இருட்டறையில் பாயும் ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசியைக் காட்டி, தூய்மையென எண்ணிய காற்றில் எவ்வளவு துகள் இருக்கிறது என்று உரையாற்றினார். ஓட்டுச் சந்தின் வழியே வீட்டுக்குள் விழும் வெயிற்கீற்றில் தூசி மினுங்குவதைக் கண்ட எவரும் அந்தச் சோதனையைப் பார்த்தவர்களே. கருவியிலுள்ள லேசர் அந்த வெயிற்கீற்றின் வேலையைத்தான் செய்கிறது: சிறு விசிறி இழுக்கும் காற்றிலுள்ள துகள்கள் சிதறடிக்கும் ஒளியிலிருந்து அவற்றின் எடை மதிப்பிடப்படுகிறது. பனித்திவலையையும் நீராவித் துளியையும் அது துகளாகவே எண்ணிவிடக்கூடும்.

விரிவுரைக் கூடம், பள்ளி, சுரங்கம், அலுவலகம் என்று சென்ற அளவுகோல், வீட்டுக்குள்ளேயே புகை மிகுந்த இடமான விறகடுப்பின் முன் வந்து நிற்க மிகவும் தாமதித்தது வருந்தத்தக்கது. ஊதுகுழலும் கண்ணீருமாக அடுப்பெரித்த பெண்கள் எவ்வளவு புகையை உள்ளிழுத்தனர் என்பதை, கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இந்தியக் கூட்டாளிகளும் குஜராத்தின் நான்கு கிராமங்களில் அளந்து 1983-இல் வெளியிட்டனர். சமைக்கும்போது பெண்கள் அணிந்துகொண்ட சிறு காற்றிழுப்பானின் வடிதாளை எடைபோட்டதில், கன மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம், அதாவது 7000 மைக்ரோகிராம் துகள்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சென்னையைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனின் குழு, நான்கு மாவட்டங்களின் 436 ஊரக வீடுகளில் நுரையீரலின் ஆழம்வரை செல்லத்தக்க துகள்களை அளந்து 2002-இல் வெளியிட்டது. விறகு, வறட்டி போன்றவை எரியும் வீடுகளில் சமையல் நேரத்தில் அந்த அளவு 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. 24 மணி நேரச் சராசரியாக, சமைப்பவர் 231 மைக்ரோகிராமும், அதே வீடுகளில் சமைக்காதவர் ஏறத்தாழ 90 மைக்ரோகிராமும் எதிர்கொண்டனர். தூய எரிபொருள் பயன்படுத்திய வீடுகளில் 82 மைக்ரோகிராம் என்ற அளவே இருந்தது, அதுவும் வீட்டார் அனைவருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல.

பெட்டென்கோபரின் சாட்சிக்கு இந்தச் சமையலறையில் செல்வாக்கில்லை. மூச்சு மட்டுமே காற்றைக் கெடுக்கும் அறைக்கு வகுத்த எண் அது. அடுப்பு எரியும் இடத்தில் கரியமில வாயு தீயிலிருந்தும் வருவதால், எரிவாயு அடுப்பருகே 1000-ஐத் தாண்டும் எண் ஆட்களின் நெரிசலைச் சொல்வதில்லை. ஓட்டுக்கூரையின் இடைவெளிகளில் காற்றோடும் சமையலறையிலோ, ஈர விறகு புகைந்து துகள் எண் ஆயிரத்தைத் தொடும்போதும் பிபிஎம் கணக்கு அமைதியாகவே இருக்கக்கூடும். அங்கே நம்பவேண்டியது மற்ற எண்ணை.