செம்பிற் களிம்பு

செம்பிற் களிம்புபோல ஆணவமலம் உயிரைப் பற்றி நிற்கிறது என்பது சைவ சித்தாந்தம். ஆகவே களிம்பென்றால் நீக்கப்பட வேண்டியதே என்னும் எண்ணம் நம்மவர் மனத்தில் ஊறிவிட்டது. பழைய செப்புக்காசு கையிற் கிடைத்ததும் பழப்புளியைத் தேடுவது இதனாற்றானோ! சித்தாந்தத்தோடு எனக்குப் பிணக்கில்லை, புளியோடுதான் பிணக்கு.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக்காசை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம்; மறுபுறம் படுத்திருக்கும் நந்தி; அதன்கீழ் ‘சேது’ என்னும் இரண்டெழுத்து. இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என முன்னர்ச் சிலர் கருதினர். யாழ்ப்பாண அரசருக்கே உரியன என வாதிட்டவர்களுள் சுவாமி ஞானப்பிரகாசர் முக்கியமானவர். கோட்டகமக் கல்வெட்டிலும் ‘சேது’ என்னும் சொல் காணப்படுவது அம்முடிபுக்கு வலுச்சேர்த்தது. இரண்டெழுத்தில் ஓர் அரசின் வரலாறே தங்கியிருந்தது.

செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர, அதன் மேற்பரப்பே ஒட்சைட்டாகவும் காபனேற்றாகவும் மாறுகிறது. எழுத்தின் நுண்ணிய விளிம்பு அந்தப் படையிலேதான் இருக்கிறது. புளியின் அமிலம் படையைக் கரைக்கையில் எழுத்தும் உடன்போகிறது. மினுக்கிய தகடு எந்த அரசனுக்கும் சாட்சி சொல்லாது.

வெளிர்பச்சைத் தூளாக உதிரும் குளோரைட்டு அரிப்பு வேறு. அது காசையே தின்றுவிடும். அதற்கு நூதனசாலை வல்லுநரின் சிகிச்சை வேண்டும். மற்றும்படி, ஒட்டிய மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நன்கு உலர்த்தி வைத்தாலே போதும்.

1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசு, தானே விட்டுச்சென்ற சான்றுகள் மிகச் சில. உயிரின் களிம்பு நீங்கட்டும். காசின் களிம்பு கிடக்கட்டும்.