குறு உடுமண்டலங்களும் பால்வீதியின் வரலாறும்

இரத்தினபுரிப் பகுதியிலே மாணிக்கம் அகழ்வோர் வயல்நிலத்திற் குழி தோண்டி, அடியிற் கிடக்கும் சரளையை வாரிக் கூடையிலிட்டு நீரில் அரித்துப் பார்ப்பர். அச்சரளை அவ்விடத்திற் பிறந்ததன்று; மலைப்பாறைகள் நெடுங்காலஞ் சிதைந்து, களுகங்கையும் அதன் கிளையாறுகளும் அடித்துக் கொணர்ந்து படிவித்தது. ஆதலின் மலையின் பழங்கதையை அறிய விரும்புவோன் சிகரத்தை அண்ணாந்து பார்த்தல் மட்டும் போதாது. கூடையிலுள்ள சிறுகல்லையும் ஆராய்தல் வேண்டும். பேரண்டத்தின் வரலாற்றை ஆராயும் வானநூலாரும் இந்நெறியையே கைக்கொண்டுள்ளனர். அவர் கையிலுள்ள சிறுகற்கள் குறு உடுமண்டலங்கள் ஆகும். அவ்வாராய்ச்சி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

உடுக்கள் கோடிக்கணக்கிற் கூடி, தம் ஈர்ப்பினாற் பிணிப்புண்டு நிற்கும் தொகுதியே உடுமண்டலம் எனப்படும். நமது ஞாயிறு அடங்கிய பால்வீதி 10,000 கோடிக்கு மேற்பட்ட உடுக்களையுடைய பெருமண்டலம். இதனைச் சூழ்ந்து சிறுமண்டலங்கள் பல உள. அவற்றுட் சில நூறு கோடி உடுக்களையுடையன; வேறு சில ஆயிரம் உடுக்களையும் அரிதாகவே கொண்டன. இத்துணைச் சிறியவை இத்துணைப் பெரியதன் பிறப்பைக் கூறுமோ என மாணவர் ஐயுறல் இயல்பே.

குறுமண்டலங்களுள் இரண்டினைக் கண்ணாலேயே காணலாம். தென்வானில் வெண்புகை போலத் தோன்றும் மகெல்லன் முகில்கள் அவை. இங்கிலாந்திலிருந்து நோக்குவோருக்கு அவை ஒருபோதும் உதிப்பதில்லை. சபரகமுவ மாகாணமோ ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. தை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவிலே, தென்புறம் மறைப்பில்லாத தோட்டச் சரிவொன்றில் நிற்பவன், வானந் தெளிந்திருப்பின், அடிவானுக்கு மேலே 14 பாகை உயரத்திற் பெருமுகிலைக் காணலாம். அக்காலம் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமுமாகும். இரத்தினபுரிப் பாதையால் இரவில் மலையேறும் அடியாருள் எத்தனை பேர் அதனைக் கண்டும் காணாது சென்றனரோ! 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மற்றோர் உடுமண்டலத்தின் ஒளி அது.

அவ்விரண்டனுள் சிறுமுகிலே வானநூலுக்கு அளவுகோலை ஈந்தது. அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய ஹென்றியெற்றா லெவிற் என்னும் பெண்மணி, ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் உடுக்களைப் படத்தட்டுகளில் எண்ணிக் குறித்தார். சிறுமுகிலில் உள்ள 25 உடுக்களை ஒப்பிட்டு, துடிப்புக்காலம் நீண்டவை ஒளி மிக்கவை என்னும் விதியை 1912இல் வெளியிட்டார். முகிலிலுள்ள உடுக்கள் யாவும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன; ஆதலின் ஒளியின் ஏற்றத்தாழ்வு தொலைவால் வந்த மயக்கமன்று, உடுவின் உண்மைத் தன்மையே. இவ்விதியைக் கொண்டே எட்வின் ஹபிள் அந்திரோமேதா பால்வீதிக்கு வெளியேயுள்ள வேறு மண்டலமென அடுத்த பத்தாண்டிலே நிறுவினார். பெருமண்டலத்தின் தொலைவை அளக்கச் சிறுமண்டலம் கோலாயிற்று.

1938இல் ஹாலோ ஷப்லி, தென்னாபிரிக்காவில் எடுத்த படத்தட்டுகளிலிருந்து சிற்பி, உலை என்னும் உடுக்கூட்டங்களின் திசையில் இரு மங்கலான மண்டலங்களைக் கண்டறிந்தார். இத்தகைய மண்டலங்கள் பின்னரும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. எனினும் அவை பெருமண்டலத்தின் பிறப்போடு தொடர்புடையன எனப் பலர் கருதினாரல்லர். 1962இல் எகன், லிண்டன்-பெல், சண்டேஜ் என்போர், பெருவாயுத்திரள் ஒன்று விரைந்து சுருங்கியதனாற் பால்வீதி தோன்றியது என வாதித்தனர். 1978இல் சேர்லும் சின்னும் வேறொரு கருத்தை முன்வைத்தனர். பால்வீதியின் புறப்பகுதியிலுள்ள உடுக்கொத்துகளின் இயல்புகள் ஒருபடித்தாயில்லாமை கண்டு, சிறு துண்டங்கள் காலந்தோறும் வந்து சேர்ந்தே அப்புறப்பகுதி அமைந்தது என்றனர். ஒரே மலையா, பல ஆறுகள் கொணர்ந்த சரளையா என்பதே வழக்கு.

சான்றுகள் பின்னர் வந்தன. 1994இல் இபாற்றா, கில்மோர், இர்வின் ஆகிய மூவரும் தனுசுத் திசையிலே ஒரு குறுமண்டலத்தைக் கண்டனர். அது பால்வீதியின் ஈர்ப்பாற் சிதைந்து, உடுக்களை நெடுந்தாரையாகச் சிந்திக்கொண்டிருக்கிறது. விழுங்கப்படுங் காட்சியை நேரே கண்டது போலாயிற்று. 2018இல் ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த உடுக்களின் இயக்கங்களை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிசமான மண்டலம் பால்வீதியோடு கலந்ததென்பதைக் கண்டனர். வழக்கிலே சேர்லும் சின்னும் பெரிதும் வென்றனர் எனலாம். ஆயினும் பால்வீதியின் உடுக்களிற் பெரும்பாலானவை இங்கேயே பிறந்தவை என்பதையும் மறத்தலாகாது.

இதற்கிடையே மற்றொரு புதிர் எழுந்தது. 1983இல் மார்க் ஆரன்சன், திராக்கோ என்னும் குறுமண்டலத்தில் மூன்றே உடுக்களின் வேகத்தை அளந்தார். கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருப்பின் அவ்வளவு வேகம் தோன்றாது. ஒளிராத கரும்பொருள் மிகுதியாக உண்டென அவர் உய்த்துணர்ந்தார். மூன்று உடுக்களைக் கொண்டு இவ்வளவு கூறலாமோ எனப் பலர் ஐயுற்றனர். பின்வந்த அளவைகள் அவர் துணிபை நிலைநாட்டின. ஆரன்சனோ 1987இல் தொலைகாட்டிக் கூடத்திலே நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார்.

கரும்பொருளைக் கொண்டு கணிப்பொறியில் அண்டத்தைப் படைத்துப் பார்த்தோர், பால்வீதியைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறுதிரள்கள் இருத்தல் வேண்டுமென 1999இல் அறிவித்தனர். வானிலோ 2004 வரை அறியப்பட்டவை பதினொன்றே. கொள்கை பிழையோ, கண் குறையோ? 2005 முதல் சுலோன் வானளவைப் படங்களிலே, முன்னர் எவரும் காணாத மிக மங்கலான மண்டலங்கள் வெளிப்பட்டன. இன்று அறியப்பட்ட துணைமண்டலங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டன. அவற்றுள் சேக் 1 என்பதன் மொத்த ஒளி, ஞாயிற்றின் ஒளியைப் போலச் சில நூறு மடங்கே. அதன் நிறையோ, அவ்வொளிக்கு ஏற்றதினும் ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்டது என உடுக்களின் வேகம் காட்டுகின்றது. ஹபிள் தொலைகாட்டியால் ஆராயப்பெற்ற இத்தகைய மண்டலங்களின் உடுக்களிற் பெரும்பாலானவை 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிறந்தவை. முதல் உடுக்களின் கடுமொளி அண்டமெங்கும் வாயுவைச் சூடாக்கியபோது, சிறுதிரள்கள் தம் வாயுவை இழந்து, மேலும் உடுக்களைப் பிறப்பிக்க இயலாது நின்றுவிட்டன என்பர். கணித்த திரள்கள் பல இருளாகவே இருத்தற்கு இது காரணமாகலாம். நின்றுபோன கடிகாரம் நின்ற நேரத்தைக் காட்டுமாறு போல, அவை அண்டத்தின் இளமையை இன்றும் காட்டுகின்றன.

இவ்வாராய்ச்சியில் நமது அண்டைநாட்டின் பங்கும் சிறிதன்று. பேராசிரியர் கோவிந்த் சுவரூப் வழிநடத்த, உதகமண்டலத்தை அடுத்த மலைச்சரிவொன்றில் 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமுள்ள வானொலித் தொலைகாட்டி 1970இல் நிறைவெய்தியது. சரிவின் சாய்வு அவ்விடத்து அகலக்கோட்டிற்கு ஒத்திருந்தமையால், கருவியின் அச்சு புவியின் அச்சிற்கு இணையாயிற்று. மலையின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிய நுண்மதி போற்றற்குரியது. அவரே பின்னர்ப் பூனாவிற்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீற்றரலைத் தொலைகாட்டியை நிறுவினார். இக்கருவி, ஐதரசன் வாயு வெளிவிடும் 21 சதமமீற்றர் அலையைக் கேட்கவல்லது. ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் முதலியோர் உருசிய அறிஞர் கரச்சென்ற்செவுடன் சேர்ந்து, மங்கலான குறுமண்டலங்களின் வாயுவை இதனால் அளந்தனர். 2005இல் அவர் ஆராய்ந்த ஒரு மண்டலத்திலே வாயுவட்டம் உடுக்கள் நிறைந்த பகுதியைப்போல் எட்டு மடங்கிற்கு மேல் விரிந்திருந்தது. 2008இல் வெளியான தொகுப்பாய்வு, ஒளி குறையக் குறைய வாயுப்பரப்பு உடுப்பரப்பிலும் விரிந்து செல்வதை உறுதிப்படுத்தியது. ஒளியை மட்டும் நோக்குவோன் மண்டலத்தின் சிறு பாகத்தையே காண்கிறான் என்பது இதனாற் பெறப்படும்.

சில்லி நாட்டு மலையில் 8.4 மீற்றர் ஆடியுடன் அமைந்த வேரா உரூபின் வானாய்வு நிலையம் 2025 ஆனியிலே தன் முதற் படங்களை வெளியிட்டது. இன்னும் மங்கலான மண்டலங்கள் அதனாற் புலப்படும் என அறிஞர் எதிர்நோக்குகின்றனர். குறுமண்டலங்களின் நடுவே கரும்பொருள் எவ்வாறு செறிந்துள்ளது என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

வரலாறு கற்கும் மாணவர் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சபரகமுவத் தோட்டங்களின் வரலாறும் பெரும்பாலும் துரைமாரின் ஏடுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. விடியுமுன் பிரட்டுக்களத்திற் கூடி, இறப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்து கொய்யவும் சென்றோரின் நினைவுகள், லயத்துக் கோயிற் கணக்குகள், பழைய பாடசாலை வரவேடுகள் ஆகியன மங்கலான ஒளியென ஒதுக்கப்பட்டன. அவற்றைத் தேடி அளந்த பின்னரன்றோ முழு வரலாறும் விளங்கும்? அவையும் அழிந்துகொண்டே வருகின்றன. தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்த நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், இரவிலே தென்வானை ஒருமுறை நோக்குக. பகலிலே வீட்டு மூத்தோரிடம் ஒருமுறை கேட்டு எழுதுக. இரண்டும் ஆராய்ச்சியேயாம்.