மணற்சோறும் பசிக்கோடும்

புதுவை நகரின் வடபுறத்தே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகச் சுற்றுப்புற ஊர்களின் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை அது. அன்று அங்குத் திரளும் மக்களுக்கு அன்பர்கள் சோறும் நீர்மோரும் வழங்குவது வழக்கம். விழா முடிந்தபின் மணல் மீண்டும் சிறுவர்க்கு உரியதாகிறது. கொட்டாங்கச்சியில் ஈரமணலை அழுத்திக் கவிழ்த்து இட்டிலி என்பதும், கிளிஞ்சலைக் கூட்டு என்பதும், அதனை இலையில் பரிமாறி, வாய்க்கருகே கொண்டுசென்று கீழே கொட்டுவதும் தமிழ்க் கடற்கரை எங்கணும் காணத்தக்க காட்சிகள்.

இன்றைய சிறுவர்க்கு இன்னொரு சமையலும் வாய்த்திருக்கிறது. கணிப்பொறித் திரையில் ஒரு பொம்மைக் குடும்பம் வாழ்கிறது. அதற்குப் பசிக்கிறது, வேளை தவறாமல் உணவிட வேண்டும், தவறினால் அது சாகிறது. மணலில் தொடங்கிய விளையாட்டு இவ்விடத்துக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இரண்டு வினாக்களால் அளந்தறியலாம். பசி யாரிடத்தில் இருக்கிறது? அதனைக் காண்பவர் எங்கே நிற்கிறார்?

நெய்தல் மணலில்

சிறுமியர் மணலால் வீடு கட்டுவது சிற்றில். அதனுள் மணலைச் சோறாகக் குவிப்பது சிறுசோறு. அகநானூற்றின் 110ஆம் பாட்டு, போந்தைப் பசலையார் பாடியது, இவ்விளையாட்டை ஒரு நாடகமாகவே நிகழ்த்திக் காட்டுகிறது. தோழி செவிலியிடம் சொல்கிறாள்: கடலாடிய பெண்கள் கானலில் சிற்றில் இழைத்து, சிறுசோறு குவித்து இளைப்பாறியிருந்தனர். அப்போது ஒருவன் வந்தான். பொழுது சாய்ந்தது, களைத்திருக்கிறேன். இலையில் நீங்கள் இடும் விருந்தை உண்டு உங்கள் சிற்றூரில் தங்கினால் என்ன என்று வினவினான். பெண்கள் முகம் தாழ்த்தி, இது உமக்கு ஏற்ற உணவன்று, எளியோர் உண்ணும் மீனுணவு என்று மெல்லச் சொல்லினர். பின்பு கடலில் வரும் நாவாய்களைக் காணப் போவோம் என்று கூறி, மணலைக் காலால் சிதைத்துவிட்டு அகன்றனர்.

அவன் கேட்டது மணற்சோற்றையா, மெய்ச்சோற்றையா, இரண்டுமின்றி வேறொன்றையா என்பது அகப்பொருள் அறிந்தோர்க்கு விளங்கும். இங்கு நோக்கத்தக்கது பெண்களின் மறுமொழி. விளையாட்டுச் சோற்றின் முன் ஓர் அயலான் பசியோடு வந்து நின்றதும், அவர்கள் தம் வீட்டு மெய்யான உணவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே அங்கு ஓர் இலையளவு தொலைவே இருந்தது.

இவ்விளையாட்டில் பொம்மைக்குப் பசி கிடையாது. மரப்பாச்சிக்குச் சோறூட்டும் சிறுமி அதனை மறந்து உறங்கிப்போனாலும் மரப்பாச்சி மறுநாள் அவ்வாறே இருக்கும். ஆக்குபவளும், இடுபவளும், உண்பது போல் நடிப்பவளும் சிறுமியே. பசியும் அவளுடையது. உண்மையில் பசித்ததும் அவள் எழுந்து வீட்டுக்குப் போவாள்.

குழியில் காய்ச்சிய கஞ்சி

பல்லாங்குழியில் ஓர் அடி முன்னேற்றம் நிகழ்கிறது. அங்கு இருப்பும் இழப்பும் எண்ணிக்கையாகின்றன. ஏழேழாகப் பதினான்கு குழி. சமமாகத் தொடங்கும் இருவருள் ஒருவர் செல்வராகவும் மற்றவர் வறியராகவும் ஆகின்றனர். தனிச்சொத்துரிமையின் தோற்றத்தோடு இவ்வாட்டத்தை இணைத்துப் பார்த்தவர் தொ. பரமசிவன். காய்கள் மிகக் குறைந்துபோனவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆட்டத்தைத் தொடர்வதைக் கஞ்சி காய்ச்சுதல் என்பர். இப்பெயரிட்டவர் வறுமையை நன்கறிந்தவர். கைப்பிடி அரிசியை நீர்பெருக்கி எல்லார்க்கும் எட்டச் செய்வது கஞ்சி. எஞ்சிய காயை எல்லாக் குழிக்கும் எட்டச் செய்வது இவ்வாட்டம். ஆயினும் இங்கும் வறுமை எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருடையது. ஆட்டத்தில் வென்றவர் தோற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் காயை அள்ளவேண்டும்.

பொறிக்குள் புகுந்த பசி

கணிப்பொறி விளையாட்டில் பசி முதலில் ஒரு கடிகாரமாகவே நுழைந்தது. 1980இல் அமெரிக்க மாணவர்கள் ஆக்கிய ரோக் என்னும் விளையாட்டில், பாதாள அறைகளில் திரியும் வீரனுக்கு உணவு வேண்டும். உண்ணாவிடில் பசித்து, சோர்ந்து, மயங்கி வீழ்வான். ஆடுபவர் ஓரிடத்திலேயே தங்கிக் காலம் கடத்தாதபடி அவரை முன்னே துரத்தப் பசி அங்குப் பயன்பட்டது.

1985இல் டேவிட் கிரேன் உருவாக்கி ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள் வேறு வகையினது. திரையில் ஒரு வீடு. அதில் ஒரு சிறு மனிதன். அவனுக்கு உணவும் நீரும் வெளியிலிருந்து அளிக்க வேண்டும். மறந்தால் அவன் நிறம் மாறி நோயுற்றுப் படுப்பான். 1996இல் சப்பானின் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமாகோச்சி உள்ளங்கையில் அடங்கியது. நான்கு இதயக் குறிகளால் தன் பசியைக் காட்டியது, கூவி அழைத்தது, கவனியாவிடில் இறந்தது. பள்ளி நேரத்திலும் அது கூவியதால் பல நாடுகளின் பள்ளிகள் அதனைத் தடைசெய்தன. மரப்பாச்சிக்கு இல்லாத வயிறு பொம்மைக்கு முளைத்துவிட்டது.

இவ்வரிசையின் உச்சம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த தி சிம்ஸ். இதனை வடிவமைத்தவர் வில் ரைட். 1991இல் ஓக்லண்டு நகரில் பரவிய பெருந்தீயில் வீட்டை இழந்து, வாழ்வுக்கு வேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் தேடிய பட்டறிவு இவ்விளையாட்டுக்கு ஒரு வித்தாயிற்று என்று அவரே கூறியுள்ளார். இதில் வாழும் ஒவ்வொருவருக்கும் எட்டுத் தேவைகள். அவற்றுள் பசி ஒன்று. ஒவ்வொரு தேவைக்கும் திரையடியில் ஒரு கோடு. வயிறு நிறைந்தால் கோடு பச்சையாக நீள்கிறது. நேரம் செல்லச் செல்லச் சுருங்கிச் செந்நிறம் கொள்கிறது. முற்றும் வற்றினால் சாவு.

உணவு நிருவாகம் இதில் நுட்பமாக அமைந்துள்ளது. குளிர்பெட்டியில் எடுத்த பொருளை மேடையில் பக்குவம் செய்து, அடுப்பில் ஆக்கினால் வயிறு மிகுதியாக நிறையும். அப்படியே எடுத்துத் தின்றால் குறைவாகவே நிறையும். சமையற் பயிற்சி இல்லாதவர் அடுப்பைத் தொட்டால் தீப்பற்றக்கூடும். கழுவாத தட்டில் ஈ மொய்க்கும். ஒருவருக்கு மட்டுமின்றிப் பலர்க்கும் சேர்த்து ஆக்கலாம். மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியபடி உண்டால் பசிக்கோட்டோடு உறவுக்கோடும் உயரும். பந்தியின் பயனை இவ்விளையாட்டு அறிந்தே இருக்கிறது.

ஆனால் அதன் அடிப்படை அமைப்பு வியப்புக்குரியது. உண்ண வேண்டும் என்னும் அறிவு பொம்மை மனிதனிடம் இல்லை, பண்டங்களிடம் வைக்கப்பட்டுள்ளது. என்னிடம் வந்தால் இவ்வளவு பசி தீரும் என்று குளிர்பெட்டி சுற்றிலும் அறிவித்தபடி இருக்கிறது. பசித்தவன் அவ்வறிவிப்புகளை ஒப்பிட்டு, தனக்குப் பெரும்பயன் தருவதை நோக்கி நடக்கிறான். 2014இல் வந்த நான்காம் பதிப்பிலோ, ஈட்டிய புள்ளிகளைக் கொடுத்துப் பசிக்கோடு என்றுமே குறையாத பேற்றை வாங்கிக்கொள்ளலாம். அதனைப் பெற்றவன் அடுப்புக்கும் பந்திக்கும் போகவேண்டிய கட்டாயம் நீங்குகிறது.

ஆடுபவர் நிற்கும் இடமே இங்கு முதன்மையானது. கூரை நீக்கப்பட்ட வீட்டை அவர் மேலிருந்து பார்க்கிறார். பசி கீழே இருக்கிறது. கணக்கு மேலே இருக்கிறது.

முற்றுகைக் கணக்கு

மேலிருந்து பார்க்கும் இக்கணக்கு புதுவைக்குப் புதியதன்று. 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இந்நகரை முற்றுகையிட்டு உணவு வரும் வழிகளை அடைத்தான். உள்ளே பிரெஞ்சுத் தலைவன் லாலி எஞ்சிய தானியத்தையும் உண்ணும் வாய்களையும் எண்ணிப் பார்த்தான். நவம்பர் 27ஆம் நாள் நகரிலிருந்த உள்நாட்டு மக்கள் ஏறத்தாழ 1400 பேர், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, கோட்டைக்கு வெளியே துரத்தப்பட்டனர். ஆங்கிலேயக் காவலர் அவர்களைக் கடக்க விடவில்லை. திரும்பி வந்தவர்களைக் கோட்டையும் ஏற்கவில்லை. இரு படைகளுக்கும் இடையே எட்டு நாள், வயல்வெளியில் கிடைத்த வேர்களைத் தின்று அவர்கள் கிடந்தனர். அதன் பின்னரே கூட் வழிவிட்டான். இதனை இராபர்ட்டு ஆர்ம் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். 1761 சனவரி 16ஆம் நாள் பசியால் தளர்ந்த நகர் வீழ்ந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே சனவரியில்தான்.

லாலியின் ஏட்டில் அந்த 1400 பேர் ஒரு தொகை மட்டுமே. தொகையைக் கழித்தால் மீதி உள்ளவரின் நாள்கள் நீளும்; கணக்கு பிழையற்றது. விளையாட்டையும் முற்றுகையையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. ஒன்றில் சாவது உருவம். மற்றொன்றில் செத்தவர் மனிதர். எனினும் பசியைக் கோடாகவும் தொகையாகவும் மட்டுமே காணப் பழகிய கண்ணுக்கு எது தெரியாமற் போகும் என்பதற்குப் புதுவையின் மண்ணே சான்று.

அடுப்படிக்குத் திரும்புதல்

அண்மையில் இவ்வரலாற்றில் தமிழ்ப் பெயர் ஒன்று சேர்ந்தது. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் வெண்பா. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய குடும்பம். தாயின் பெயரும் வெண்பா. அவள் தன் தாயிடமிருந்து பெற்ற சமையற்குறிப்பேடு கிழிந்தும் எழுத்து மங்கியும் இருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுபவர் உய்த்துணர்ந்து இட்டிலியும் புட்டும் ஆக்க வேண்டும். 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகமாகிய பாஃப்டா சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

இவ்விளையாட்டில் பசிக்கோடு இல்லை. பட்டினியால் எவரும் சாவதில்லை. இங்கே பசிப்பது மொழியையும் உணவையும் விட்டு விலகும் மகனுக்கும், அவனுக்காக ஆக்கிவைத்துக் காத்திருக்கும் தாய்க்கும் இடையிலுள்ள வெற்றிடம். ஆடுபவர் மேலிருந்து பார்ப்பதில்லை. அடுப்பின் முன் நிற்கிறார். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சொல்லைத் தேடும் அவ்வேலை, ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழுக்கு அயலானதன்று.

கோடு ஒரு தவறான கருவி அன்று. நேற்று உண்டவனுக்கு இன்றும் பசிக்கும் என்னும் உண்மையை அது மறவாமல் சொல்கிறது. பாட்டு சில வேளைகளில் அதனை மறந்ததுண்டு. கோட்டால் சொல்ல இயலாதது, இலையின் முன் எதிர்பாராமல் ஒருவன் வந்து நிற்கும் அந்தக் கணத்தை. போந்தைப் பசலையாரின் பெண்கள் முகம் தாழ்த்தியதற்கு எந்த நிறமும் போதாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் மீனவர் வீட்டுக் கஞ்சியில் நீர் கூடுவதும், அடுத்த வீட்டுக் கலயம் இந்த வீட்டுக்கு வருவதும் குப்பங்கள் அறிந்த செய்தி. கரையில் பிள்ளைகள் அப்போதும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். வழியே போகிறவரை உண்ண அழைப்பதும் அவ்விளையாட்டின் ஒரு பகுதியே.